மஞ்சள் பலகை

‘கடவுள் அந்த ஊருக்கு மட்டும் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்துவிட்டார், ஸார்!’

ஸ்விட்ஜர்லாந்து போய் வந்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் சொன்ன வார்த்தை இது. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டெலிவிஷனில், அவர் எடுத்து வந்த முந்நூற்றுச் சொச்சம் படங்களையும் அப்போதுதான் பார்த்து முடித்திருந்தேன். வெங்காய பஜ்ஜி நன்றாக இருந்தது. ஒருவர் வீட்டுப் பஜ்ஜியை மென்றுகொண்டே அவரை மறுத்துப் பேசும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே சும்மா இருந்துவிட்டேன். இப்போது என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன்: அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல, சோம்பலில் சொன்ன பொய். வெளியூர் போய் வந்த நம்மில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டு திரிகிற பொய்.

முந்நூறு படங்களிலும் நண்பர் இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கினார். டிட்லிஸ் மலைக்கு ரோப் காரில் ஏறினார். உச்சியில் ஓர் இந்தி சினிமா ஜோடியை அட்டையில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று சிரித்தார். மனைவியின் மேல் பனியை உருட்டி எறிந்தார். ஐம்பது அடி தூரம் அவர் நடந்தார் என்பதற்கு ஒரு படத்திலாவது சாட்சியம் கிடையாது. அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நம் சினிமாப் பாட்டுகள் அந்த மலைகளை நமக்கு அப்படித்தானே காட்டிக் கொடுத்திருக்கின்றன? கதாநாயகி சரிவில் ஓடி வருவாள். அந்தச் சரிவுக்கு எந்த வழியாக வந்தாள், அது யாருடைய புல், அதை மேய வேண்டிய மாடு எங்கே போயிற்று என்பதெல்லாம் பாட்டில் வராது.

நானும் போனவன்தான். என் அக்கா மகள் கல்யாணமாகி சூரிச் நகரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். முதல் வாரத்தில் நானும் ரோப் காரில் ஏறிப் பனியைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இரண்டாவது வாரம் அவள், ‘மாமா, நீங்க பார்த்தது கடை. இனிமே வீட்டுக்குள்ளே போவோம், வாங்க’ என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேற்றினாள். ஒரு மணி சொச்சத்தில் ரோட்டன்துர்ம் என்ற கிராமத்தில் இறங்கினோம்.

நாட்டுக்கே பெயர் கொடுத்த ஷ்வீஸ் மாகாணத்தில், கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அது. பழைய கோட்டைக் காவலின் மிச்சமாக ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் சிவப்பு நிறம்தான் ஊருக்குப் பெயர். 1798ல் பிரெஞ்சுப் பட்டாளத்தை அங்கே எதிர்த்து நின்றிருக்கிறார்கள். மற்றபடி ஒரு மாதா கோயில், ஒரு ரயில் நிலையம், நடுவே ஓடும் மோட்டார் ரோடு, அவ்வளவுதான். காலண்டரில் போட யாரும் படம் எடுக்க மாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஊரைத் தாண்டியதும் சதுப்பு நிலம். சதுப்பு என்றதும் நம் பக்கத்துக் கழிமுகத்தையும் சேற்று நாற்றத்தையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு மலைத் தொடர்களுக்கு நடுவே, பழுப்பும் சிவப்புமாக விரித்த ஜமுக்காளம் போலக் கிடக்கிறது. அதற்குள்ளே பீபர் என்ற சிற்றாறு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவனைப் போல வளைந்து வளைந்து போகிறது. தரையெல்லாம் ஒருவகைப் பாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பாசி அது. கீழ்ப்பகுதி செத்தாலும், நீருக்குள் காற்றுப் படாததால் முழுக்க மக்குவதில்லை. அதன் மேலேயே புதிது வளர்கிறது. இப்படி வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நிலம் உயர்கிறது. வெட்டிக் காயவைத்தால் விறகு போல எரியும் மண். இரண்டு உலக யுத்தங்களிலும் நிலக்கரி கிடைக்காதபோது இதை வெட்டித்தான் அடுப்பெரித்தார்கள். வெட்டிய கட்டிகளை அடுக்கிக் காயவைத்த சிறு மரக் குடிசைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன.

பஞ்சு போன்ற வெள்ளைப் பூவோடு ஒரு புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிட்டத்தில் பார்க்கலாமென்று பாதையை விட்டு நாலடி எடுத்து வைத்தேன். ஐந்தாவது அடியில் இடது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. ஷூவை மீட்பதற்குள் வியர்த்துவிட்டது. அப்பால் வைக்கோல் வாரிக்கொண்டிருந்த ஒரு குடியானவப் பெண்மணி, அறுபது வயது இருக்கும், கையை ஆட்டிக்கொண்டு வந்து என்னைத் திட்டித் தீர்த்தாள். அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தாள்: ‘மாமா, இந்தக் குழி மூட எத்தனை வருஷம் ஆகும்னு தெரியுமான்னு கேக்கறாங்க. எங்கப்பா பட்டாளத்தையே இங்கே கால் வைக்க விடலே, நீ யார்னு கேக்கறாங்க.’

மில்லிமீட்டர் கணக்கைப் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். முழங்கால் ஆழம் என்றால் ஏறக்குறைய ஐந்நூறு வருஷம். திட்டு வாங்கியது நியாயம்தான்.

பட்டாளக் கதை வெறும் வீம்புப் பேச்சல்ல. அந்தச் சதுப்பு நிலத்தை ராணுவப் பயிற்சி மைதானமாக்கத் திட்டம் போட்டார்கள். நிலத்துக்காரக் குடியானவர்கள் விற்க மறுத்தார்கள். ராணுவத்தை விரோதிக்கிற ஜனங்களல்ல அவர்கள். அந்த நாட்டில் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் பட்டாளத்தில் பயிற்சி பெற வேண்டியவன். ஆயினும் மறுத்தார்கள். இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் அவர்களோடு சேர்ந்தன. அங்கே ஒரு லட்சம் பிரஜைகள் கையெழுத்திட்டால், அரசியல் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நாட்டையே வோட்டுப் போட வைக்கலாம். 1983ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கையெழுத்தைக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். சர்க்கார் ‘வேண்டாம்’ என்றது. இத்தகைய முயற்சிகளில் பத்துக்கு ஒன்று ஜயித்தால் பெரிது. இதற்கிடையில், 1986 நவம்பரில், பாஸல் நகரத்தருகே ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து ரைன் நதி சிவப்பாக ஓடியது. ஜனங்கள் மனத்தில் அது என்ன செய்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். 1987 டிசம்பர் 6ஆம் தேதி வோட்டு எண்ணியபோது, நூற்றுக்கு 57க்கு மேல் ‘சரி’ என்று சொல்லியிருந்தார்கள். தேசிய முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்கள் எல்லாவற்றிலும் இனிக் கட்டடம் கட்டக் கூடாது, மண்ணை மாற்றக் கூடாது. 1983 ஜூன் முதல் தேதிக்குப் பிறகு விரோதமாகக் கட்டியவை இருந்தால், கட்டியவனே தன் செலவில் இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் திருத்தத்தில் ‘ரோட்டன்துர்ம்’ என்று கிராமத்தின் பெயரையே எழுதி வைத்தார்கள்!

கடவுள் எங்கே அள்ளிக் கொடுத்தார்? அவர் கொடுத்த சதுப்பு நிலங்களில் பெரும்பகுதியை, நூற்றைம்பது வருஷமாகத் தண்ணீரை வடித்துப் புல்லும் உருளைக்கிழங்கும் போட்டு அழித்தவர்கள் அதே ஸ்விஸ்காரர்கள்தாம். மிச்சத்தைக் காப்பாற்றியதும் அவர்கள்தாம். இரண்டும் மனுஷக் காரியம்.

அந்த ஜனங்களைத் தேவர்களாக்க எனக்கு உத்தேசமில்லை. தேசத் தேர்தலில் பெண்களுக்கு வோட்டுக் கொடுக்க 1971 வரை யோசித்தவர்கள் அவர்கள். கிரிம்செல் என்ற மலை ஏரியின் அணையை உயர்த்த வேண்டுமா, பக்கத்திலுள்ள சதுப்பு நிலம் என்னாவது என்று கோர்ட்டுப் படி பல வருஷம் ஏறி இறங்கினார்கள். மின்சாரமும் வேண்டும், பாசியும் வேண்டும் என்றால் சண்டை வரத்தான் செய்யும்.

பாதையின் கதையும் இதே மாதிரிதான். 1930 வாக்கில் மைலன் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் எஸ் என்பவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளவ்ஸன் கணவாய் வழியாக உல்லாசப் பயணம் போனார். புதிதாகப் பெருகியிருந்த மோட்டார் வண்டிகள் ஹாரன் அடித்துப் புழுதியைக் கிளப்பிப் பிள்ளைகளை ஓரத்துக்குத் துரத்தின. நடப்பவனுக்கு இனிப் பாதையே இல்லையா என்று அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும் உங்களுக்கும் அந்தக் கோபம் தினமும் வருகிறது. காபி குடித்ததும் போய்விடுகிறது. அவர் காபி குடித்த பிறகும் கோபமாகவே இருந்தார் போலிருக்கிறது. 1934ல், பக்கத்து தேசத்தில் ஹிட்லர் பதவிக்கு வந்த மறு வருஷம், நடைபாதைகளுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. நாடு முழுதும் ஒரே மாதிரி மஞ்சள் பலகை. இன்று அந்தப் பாதைகள் 65,000 கிலோமீட்டர். பூமியை ஒன்றரைத் தடவை சுற்றி வந்தாலும் மிச்சமிருக்கும். 1979 பிப்ரவரியில் நடைபாதையை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். நூற்றுக்கு 77 பேருக்கு மேல் ஆதரித்தார்கள். 1987 முதல் அமலிலிருக்கும் சட்டப்படி, பதிவான பாதை ஒன்றை ரோடு போட்டோ கட்டடம் கட்டியோ மறித்தால், தகுந்த மாற்றுப் பாதை தரவேண்டும்.

பலகையில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கணக்கிடுகிறார்கள். பீபர் ஆற்றோடு பீபர்புருக் என்ற ரயில் சந்திப்புக்குப் போவதற்குப் பலகை சொன்ன நேரத்துக்கு மேல் நான் ஒரு மணி எடுத்துக்கொண்டேன். மஞ்சள் அடையாளம் எல்லாரும் நடக்கத்தக்கது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப் பாதை. கால் உறுதியும், கீழே பார்த்தால் சுற்றாத தலையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் பனிக்கோடரியும்கூடத் தேவைப்படலாம். வேறொரு நாள் அதே வட்டாரத்து 1,898 மீட்டர் உயர மீட்டன் சிகரத்தில் ஏறக் கிளம்பினேன். சிவப்புக் கோடு வந்தது, பாறையில் சங்கிலி வந்தது, என் வயிற்றில் ஒரு கலக்கமும் வந்தது. திரும்பிவிட்டேன். கோடு முன்னாலேயே சொல்லித்தான் இருந்தது.

என் சிநேகிதர் ஒருவர், கவிஞர், இதைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். ‘பலகை நட்டுவிட்டால் அப்புறம் அது மலையா? மூக்கணாங்கயிறு போட்ட நடையல்லவா அது? மனிதன் காற்றைப் போலப் போகவேண்டும்.’ தன் பதிப்பாளர் வீட்டுக்குப் போக நாலு பேரிடம் வழி கேட்பவர் இவர். அது கிடக்கட்டும். பலகையில்லாத மலை யாருக்குச் சொந்தம்? திடகாத்திரமான வாலிபனுக்கு, ஊர்க்காரனுக்கு, வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க முடிந்தவனுக்கு. பீபர்க் கரையில், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஒரு கிழவி, தன்னந்தனியாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு எதிரே வந்தாள். வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் காற்றைப் போலப் போகச் சொல்வாரா கவிஞர்?

அக்கா மகள் அன்று நடந்துகொண்டே ஒன்று சொன்னாள். ‘இங்கே வந்த புதுசிலே பாஷை தெரியாது, மாமா. அவரு வேலைக்குப் போயிடுவாரு. கடைக்குப் போய் உப்புக் கேக்கக்கூட வெக்கமா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா இந்த மஞ்சப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன். யார்கிட்டேயும் வழி கேக்க வேண்டாம். எங்கே போனாலும் அது ஒரு ஸ்டேஷன்லே கொண்டுபோய் விட்டுடும். அப்படித்தான் இந்த ஊர் எனக்குப் பழகிச்சு.’ அவள் அழவில்லை. நான்தான் ஆற்றைப் பார்க்கிறவனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

‘பணக்கார தேசம், செய்கிறார்கள்’ என்று இன்னொரு கட்சி உண்டு. மஞ்சள் பலகை பிறந்தபோது உலகமே பஞ்சத்தில் கிடந்தது. செலவு என்ன? பெயிண்டும் தகரமும் ஆட்களின் ஞாயிற்றுக்கிழமையும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறதே நம் ரயில், அந்தப் பல்தண்டவாள முறை ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் என்ஜினீயர் கண்டுபிடித்தது. அதில் ஓடிய பழைய நீராவி என்ஜின்கள் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. அவ்வளவு கனத்தை மலைமேல் ஏற்ற அங்கிருந்து கப்பலில் வரவழைக்க முடிந்தது. நடக்கிறவனுக்கு ஒரு தகரப் பலகையை வரவழைக்க மட்டும் ஏன் நமக்குத் தோன்றவில்லை?

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் நண்பரிடம் நேரிலேயே சொல்லிவிடுவது மரியாதை என்று நேற்று போயிருந்தேன். இந்தத் தடவை பஜ்ஜியைத் தொடவில்லை. பொறுமையாகக் கேட்டார். அடுத்த வருஷம் மறுபடியும் போவதாக இருக்கிறாராம். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

‘அங்கே பார்க்க என்ன ஸார் இருக்கிறது?’ என்றார்.

‘பாசி’ என்றேன்.

சற்று நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘நடக்கிறதுக்குத் தனியாக ஷூ வாங்க வேண்டியிருக்குமோ?’ என்று கேட்டார்.