கவரிமாவுக்குத் துணைத் தீவனம்

இமயத்தின் உயர்ந்த சாரல்களில் மேயும் யாக் என்னும் மாட்டினமே நம் பழைய நூல்கள் கூறும் கவரிமா. பிற்காலத்தார் அதனை மானாக்கிவிட்டனர். பதிற்றுப்பத்தில் இமயச் சாரலில் துயிலும் கவரி நரந்தம் புல்லைக் கனவு காண்கிறது. பனி மூடிய மாதங்களில் புல்லைக் கனவில் மட்டுமே காணும் நிலை அவ்விலங்குக்கு இன்றும் உண்டு.

2018 டிசம்பர் முதல் வட சிக்கிமில் பெய்த கடும் பனியால் முகுதாங் பள்ளத்தாக்கிலும் அதனையடுத்த பகுதிகளிலும் ஏறத்தாழ 300 யாக்குகள் பட்டினியால் மாண்டன. இத்தகைய பேரிழப்பு எப்போதோ நேர்வது. ஆண்டுதோறும் நேரும் மெலிவோ செய்தியாவதில்லை. கோடையில் தேறிய உடல் எடையில் கால் பங்கு வரையிலும் குளிர்காலத்தில் கரைந்துவிடுவதுண்டு. வளரும் கன்று ஆறு மாதம் ஏறிய படிகளில் மீண்டும் இறங்குகிறது.

இதற்குக் காரணம் புல்லின் குறைவு மட்டுமன்று; புல்லின் தன்மையுமாகும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. அவை பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். உலர்ந்த புல் 100 கிராமில் புரதம் சுமார் 7 கிராமுக்குக் குறையுமாயின் அவை சோர்வடைகின்றன. வயிறு நிறைந்திருந்தும் மாடு மெலிகிறது. யூரியா, சர்க்கரைப்பாகு, தாது உப்புக்கள் கலந்த நக்குக்கட்டி இவ்விடத்தில்தான் பயன்படுகிறது. யூரியா நைட்ரஜனையும் பாகு ஆற்றலையும் அளிக்க, நுண்ணுயிர்கள் அவற்றைப் புரதமாக்குகின்றன.

ஈஸ்ட் முதலிய செரிமானப் பொடிகளை இப்போது பலரும் பரிந்துரைக்கின்றனர். அவை பயனற்றவை என்று நான் கூறவில்லை. ஆனால் செரிப்பதற்கு ஒன்றுமில்லாத வயிற்றில் செரிமானத்தைப் பெருக்குவது எங்ஙனம்? கோடையில் உலர்த்திச் சேமித்த புல்லும் வைக்கோலும் முதலில் வேண்டும். அடுத்து நைட்ரஜனும் தாதுக்களும். பொடிகள் அதன் பின்னரே. அருணாசலப் பிரதேசத்துத் திராங்கில் 1989-இல் நிறுவப்பட்ட யாக் ஆராய்ச்சி நிலையம், நார்த்தீவனத்தையும் அடர்தீவனத்தையும் சேர்த்து அழுத்திய தீவனக் கட்டிகளில் கருத்துச் செலுத்தியது சரியான வரிசையென்றே எனக்குத் தோன்றுகிறது. மலையேற்றிச் செல்ல எளிதான வடிவமும் அதுவே.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். துண்டறிக்கைகளில் இப்பொருள்களை 'ஊட்ட மருந்து' என்று எழுதும் வழக்கம் பரவியுள்ளது. மருந்தென்றால் நோயுற்றபின் கொடுப்பது என்றே மேய்ப்பவர் கொள்வார். மாடு படுத்தபின் கட்டியைத் தேடுவார். பட்டினி கிடந்த மாடு யூரியாக் கட்டியைக் கடித்து விழுங்கினால் அம்மோனியா நஞ்சேறி இறக்கக்கூடும். மழையில் கரைந்த கட்டியின் நீரைக் குடித்தாலும் அதே விளைவுதான். எனவே 'துணைத் தீவனம்' என்பதே தக்க சொல். வகுப்பில் ஆசிரியர்களும் இச்சொல்லையே ஆளுதல் நன்று.

பிறர் குறையை மட்டும் கூறுவது முறையன்று. சில ஆண்டுகளுக்குமுன் இத்தகைய குறிப்பொன்றில் 'தின்னக் கொடுக்கவும்' என்று நானே எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு கால்நடை மருத்துவர் அதனைக் கண்டு அடித்துவிட்டார். திருத்திய வாக்கியம் இது: "வைக்கோல் தின்ற மாட்டுக்கு மட்டும், மழை படாத இடத்தில், ஆறு மாதம் நிரம்பாத கன்றுக்கு எட்டாத உயரத்தில், நக்குவதற்கு வைக்கவும்."