டிவிக்கு அடியில் ஒரு பெட்டி

போன வருடம் ஐப்பசியில், மலையில் மழை பிடித்துக்கொண்டு படித்துறைப் பக்கம் கூடப் போக முடியாத ஒரு வாரத்தில், டிவிக்கு அடியில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு. விலை 2,400 ரூபாய். எந்தக் கம்பெனி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அட்டையில் பெரிதாக ‘8கே’ என்றும், அதற்குக் கீழே எந்த மொழியிலும் சேராத ஒரு பெயரும் அச்சடித்திருந்தது. பழைய டிவியும் ஸ்மார்ட் டிவி ஆகிவிடும், சந்தா கிடையாது, எல்லாப் படமும் இலவசம் என்றார் கடைக்காரர். அந்தக் கடைசிச் சொல்லில்தான் விழுந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கில் குண்டூசிக்குக் கூட ரசீது கேட்ட மனிதன், ஓசிப் படம் என்றதும் ரசீது வாங்க மறந்துவிட்டேன்.

முதல் நாளே ஒரு அறிகுறி தெரிந்தது. படம் பார்க்கும் செயலியை ஏற்றுமுன் ‘பிளே புரொடெக்ட்’ என்ற ஒன்றை அணைக்கச் சொன்னது பெட்டி. கடைக்காரருக்குப் போன் போட்டேன். “அதை அணைச்சாத்தான் படம் வரும் சார்” என்றார். அணைத்தேன். அது கூகுள் வைத்திருக்கிற காவல்காரன் என்பதும், உள்ளே வருகிறவனே காவல்காரனை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறான் என்பதும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

நான்கு மாதம் நன்றாகத்தான் ஓடியது. என் மனைவிக்கு சீரியல், எனக்குப் பழைய சிவாஜி படங்கள். பிறகு பேத்தியோடு வீடியோவில் பேசும்போது அவள் முகம் உறைந்து உறைந்து நின்றது. இணைய இணைப்பு கொடுத்திருக்கும் பையன் வந்து, மாதக் கணக்கைத் தன் போனில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ராத்திரி பூராவும் முழிச்சிருந்து படம் பாக்கியளா சார்?” ஒன்பதரைக்கு விளக்கணைக்கிற வீடு இது. படம் பார்த்தால் தரவு உள்ளே வரும்; எங்கள் வீட்டிலிருந்தோ நள்ளிரவில் தரவு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தான். டிவிப் பெட்டியைப் பிடுங்கியதும் மோடத்தின் விளக்குத் துடிப்பு அடங்கியது.

அலுவலகத்தில் என் மேசையில் இரண்டு பதிவேடுகள் இருக்கும். உள்ளே வரும் தபாலுக்கு ஒன்று, வெளியே போகும் தபாலுக்கு ஒன்று. எண் போடாமல், தேதி போடாமல் ஒரு கடிதம் கட்டடத்தை விட்டு வெளியேற முடியாது. என் வீட்டிலிருந்து நான்கு மாதமாக, என் பெயரில், என் விலாசத்தில், நான் அறியாத தபால்கள் போயிருக்கின்றன. யாருக்கு, என்ன எழுதி? அதற்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இல்லை.

இதை எழுதக் காரணம், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்கிற ஒரே வாக்கியம். “டிவியில திருட என்ன இருக்கு அண்ணாச்சி? பேங்க் கணக்கு போன்லதானே இருக்கு.” நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தத் திருடர்களுக்கு நம் பீரோ வேண்டாம், நம் வாசற்படி போதும். உலகத்தில் எங்கோ இருக்கிற மோசடிக்காரன் தன் வேலையை நம் வீட்டு இணைப்பு வழியாகச் செய்தால், அந்தப் பக்கத்தில் பதிவாவது நம் இணைய முகவரி. அப்படி வீட்டு முகவரிகளை மொத்தமாக வாடகைக்கு விடுவதே ஒரு வியாபாரமாக நடக்கிறது. வாடகை அவனுக்கு, மின்சாரக் கட்டணமும் கெட்ட பெயரும் நமக்கு.

நான் ஏதோ ஒரு மலையடிவாரத்து ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். 2024 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவிப் பெட்டிகளுக்குள் ‘வாய்டு’ என்ற நிரல் புகுந்திருப்பதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் சீனாவின் எக்ஸ்லேப் ஆய்வுக்கூடம் அதே கூட்டத்தை எண்ணிப் பார்த்தபோது, இந்தியாவில் அப்படிப்பட்ட பெட்டிகள் மூன்றே நாளில் சுமார் 3,900-லிருந்து 2,17,000 ஆகியிருந்தன. அடுத்து ‘பேட்பாக்ஸ் 2.0’. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. ஜூலையில் கூகுள் நியூயார்க் நீதிமன்றத்துக்கே போனது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. எஃப்.பி.ஐ. சொன்ன அறிகுறிகளைப் படித்தபோது என் ஜாதகத்தைப் படிப்பது போல இருந்தது: பெயர் தெரியாத கம்பெனி, இலவசப் படம் என்ற ஆசை, பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வது, காரணம் தெரியாத இணையப் போக்குவரத்து.

இதில் கொடுமை என்னவென்றால், இவற்றில் பல பெட்டிகள் கடைக்கு வருமுன்பே கெட்டுப்போனவை. காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு மிசே, மரக்குதிரைக் கதையை நடித்தே காட்டுவார். ‘ஷெவால் த த்ருவா’ என்று அவர் சொல்லும்போது வகுப்பே மூச்சடக்கிக் கேட்கும். எதிரி சுவரேறி வரவில்லை. ஊர்க்காரர்களே கயிறு கட்டி உள்ளே இழுத்தார்கள். இப்போது பிள்ளைகள் ‘ட்ரோஜன்’ என்று சொல்வது என் பழைய குதிரையைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நான் இழுத்து வந்த குதிரைக்கு 2,400 ரூபாய் வேறு கொடுத்தேன். பெட்டியை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் சரியாகாதா என்று பையனிடம் கேட்டேன். ஃபேக்டரியிலேயே வந்த வியாதி, ரீசெட் செய்தால் பழையபடி அந்த வியாதிக்கே திரும்பும் என்றான்.

நம் படித்துறையில் தினமும் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. பாவம் தொலைக்க வருகிறவர் முழுகி எழுந்து, உடுத்த வேட்டியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. அந்தத் துணி கீழே எந்தக் கல்லில் சிக்குகிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர் எது என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. அவரைப் பார்த்து எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! நான்கு மாதம் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஆனால் பழியை முழுக்கக் கிழவன் கிழவி தலையில் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். அது பார்ப்பது ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்பதை. (என் பெட்டியில் அந்த எண்ணும் இல்லை, ஆனாலும் கடையில் ஜோராக விற்கிறது.) உள்ளே ஓடுகிற நிரல் யோக்கியமானதா என்று பார்ப்பது யார்? கண்காணிப்புக் கேமராக்களுக்கு மத்திய அரசு இப்போது அதைச் செய்திருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமராவை விற்கக் கூடாது. வாசலில் மாட்டுகிற கேமராவுக்கு உள்ள விதி, கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு ஏன் கூடாது? அந்த ஆணையில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்பது ஒரு பழைய எழுத்தரின் எண்ணம்.

அந்த வரி வரும்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெயர் தெரிந்த கம்பெனியின் பெட்டியை மட்டும் வாங்குங்கள். ஆண்ட்ராய்டு டிவிக்கு அனுமதி பெற்ற கம்பெனிகளின் பட்டியலைக் கூகுள் தன் தளத்தில் வைத்திருக்கிறது, பேரன் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். டிவியின் செட்டிங்ஸில் ‘அன்னோன் சோர்சஸ்’ என்பது அணைந்திருக்க வேண்டும். அப்டேட் கேட்டால் “அப்புறம்” என்று தள்ளாதீர்கள். நான் இரண்டு வருடம் தள்ளியவன். கம்பெனியே அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய டிவி என்றால் அதற்கு இணையம் எதற்கு, கேபிள் போதும். பேங்க் கார்டு சேர்த்திருக்கிற கூகுள் கணக்கை டிவியில் போடவே வேண்டாம்.

மோடத்தின் பாஸ்வேர்டை மறக்காமல் மாற்றுங்கள். 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் பிடித்தது பெரிய வித்தை எதுவும் செய்து அல்ல. ஃபேக்டரியில் போட்ட ‘அட்மின்’ போன்ற பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான். அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் சில மணி நேரம் திணறின. அதை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். எங்கள் மோடத்திலும் ‘அட்மின்’தான் இருந்தது. இப்போது வேறு, என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

சந்தேகம் வந்தால் மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தில் இலவச உதவி உண்டு, 2017 முதல் நடக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். இரவில் டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது தூங்காது. சுவிட்சையே அணைக்க வேண்டும். அது என் மனைவியின் யோசனை. கரண்ட் பில்லுக்காகச் சொன்னாள்.

பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. சும்மா கிடக்கிறதே, எனக்குக் கொடுங்கள் அத்தான் என்று வி.கே.புரத்திலிருந்து மைத்துனர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பழைய சாமான்காரரும் நூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். இருவருக்கும் கொடுக்கவில்லை. மைத்துனருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.