நீர்க்கட்டி இல்லாத கண்மாய்ப் பயிற்சி: எங்கள் நிலைப்பாடு

கண்மாய் மேலாண்மைப் பயிற்சி ஒரே நாள், நகரத்து மண்டபத்தில், பாசன சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் மட்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. பங்கேற்போரின் பெயர்ப் பட்டியல் கேட்டு நெருக்குவதால், எங்கள் கண்மாய்ப் பாசன விவசாயிகள் கூட்டமைப்பின் செயற்குழு அவசரமாகக் கூடி இந்த நிலைப்பாட்டை எடுத்தது.

பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரவு செலவுக் கணக்கு எழுதவும் மடைப் பழுதுக்கு மதிப்பீடு போடவும் கற்றுக்கொடுத்தால் வரவேற்போம். பெண்களையும் இயன்றவரை சேர்க்க வேண்டும். ‘இயன்றவரை’ என்பது போதாது என்ற சிலரின் மறுப்பு கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது.

ஆனால் நீர்க்கட்டி எங்கே? மடைக்குடும்பன், மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஐப்பசி அடைமழையில் நடுராத்திரி கரையில் நடந்து, கசிவு கண்ட இடத்தில் மண்மூட்டை போடுகிறவர் அவர். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி மடையடைப்பைக் கையால் தடவிப் பார்த்து, எவ்வளவு திறந்தால் விடிவதற்குள் கடைமடை வயல் நனையும் என்று சொல்பவரும் அவர். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து, பெரிய நிலக்காரரின் வாய்க்காலை அடைத்துக் கால் ஏக்கர்க்காரருக்குத் திருப்பிவிடும் துணிச்சலும் அவருக்கு வேண்டும். கூலி, களத்தில் அளக்கும் நெல். கண்மாய் பெருகாவிட்டால் அதுவும் கிடையாது. பெரும்பாலான ஊர்களில் இவர்கள் பட்டியல் சாதியினர், சொந்த நிலம் இல்லாதவர்கள். சங்க உறுப்புரிமையை, பாசன சங்கங்களுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தோடு கட்டிவைத்திருக்கிறது. தண்ணீரைக் கையாளுகிறவருக்குத் தண்ணீர்ச் சங்கத்தில் இடமில்லை, இப்போது பயிற்சியிலும் இல்லை! மடையில் கை வைத்தறியாதவர்களுக்குத் திரையில் படம் காட்டி, சாப்பாடும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது பயிற்சியா? இதை அவமதிப்பு என்றே சொல்கிறோம். அவர் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் நிச்சயம். அவரோடு இந்த வேலை நின்றுபோனால், எந்த வாய்க்கால் எந்த மேட்டில் ஏறாது என்று சொல்ல எந்த அலுவலகக் கோப்பும் உதவாது.

ஆகவே பயிற்சி கண்மாய்க் கரையில் நடக்க வேண்டும்: தண்ணீர் நிற்கும்போது ஒருமுறை, வறண்ட கோடையில் வரத்துக்கால் நெடுக நடந்து ஒருமுறை. நீர்க்கட்டிகள் அங்கே பயிற்றுநர்களாக, அதற்குரிய ஊதியத்துடன் அழைக்கப்பட வேண்டும். மீன்பாசி ஏலத்தில் சங்கத்துக்கு வரும் பங்கிலிருந்து அவர்களுக்கு மாதச் சம்பளம் தருவது பரிசீலிக்கத்தக்கது என்பது பெரும்பான்மைக் கருத்து. நிலமற்றோருக்கு உறுப்புரிமை தரச் சட்டத்தைத் திருத்துவதில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வைக்கப்படும்.

நீர்க்கட்டிகளின் பெயர் சேர்க்கப்படும்வரை கூட்டமைப்பு பெயர்ப் பட்டியல் அனுப்பாது. ஏற்கெனவே அனுப்பிவிட்ட கிளைகள் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன.