விலை காலங் காட்டும்

பெயர்ச்சொல் காலங் காட்டாது, வினைச்சொல் காலங் காட்டும் என்பது இலக்கணங் கற்பார் யாவரும் அறிந்ததே. இவ்வேறுபாடு கடைக்கணக்கிற்கும் உரித்து என்பது எம் கருத்து. பொருள் பெயரை ஒக்கும். விலை வினையை ஒக்கும்.

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் ஒரு மளிகைக் கடையை எண்ணுக. ஆண்டு வாழைப்பழம் தாராகவும் விற்கும், சீப்பாகவும் விற்கும். அதன் விலை யாது என்பார்க்கு, எவ்வளவிற்கு, எந்நாளில் என்னும் எதிர்வினாக்களே எழும். ஆதலின் விலை, பொருள், அளவு, நாள் என்னும் மூன்றனையும் பற்றி நிற்பதாம். கணிப்பொறியிற் பொருளின் பெயரருகே விலையையும் எழுதி, விலை மாறுந்தோறும் பழையதை அழிப்பார், நேற்றைய உண்மையையும் உடன் அழிக்கின்றனர்.

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் காட் என்பார், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வகுக்கும் முறையை வெளியிட்டார். அதன்வழி வந்த இயல்பாக்கம் என்னும் நெறியின் சாரம், ஒரு செய்தியை ஓரிடத்தே எழுதுக என்பதாம். பொருளுக்கு ஓர் அட்டவணை; அளவும் தொடங்கும் நாளும் குறித்து விலைக்கு ஓர் அட்டவணை; வரிக்கு மற்றோர் அட்டவணை. 2025 செப்டம்பர் 22ஆம் நாள், பற்பசையின் மீதுள்ள சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18இலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியைப் பொருள்தோறும் எழுதியோர் பற்பசையின் ஒவ்வொரு வகையையும் தேடித் திருத்துதல் வேண்டும். ஒன்று தப்பினும் வாங்குவோர்க்கு இழப்பாம். வரியைத் தனியே வகுத்தோர்க்கோ, நாளிட்ட ஒரு புதிய வரிசை போதும்.

அங்ஙனமாயின், விற்பனைச் சீட்டில் விலையை மீண்டும் எழுதுதல் கூறியது கூறலன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று. அட்டவணை விலை வேறு. பேசி முடித்த விலை வேறு. கூலி வந்தபின் தருவேன் என்று பற்றெழுதி அரிசி வாங்கிய ஏழைத் தொழிலாளி, வாங்கிய நாளின் விலைக்கே கடன்பட்டவர். சீட்டு இன்றைய விலையை மட்டும் சுட்டுமாயின், விலையேற்றத்தால் அவர் கடன் அவர் அறியாமலே வளரும். பழைய பற்றுப்புத்தகம் அப்பிழை செய்ததில்லை. அன்றன்று எழுதிய தொகை அப்படியே நின்றது.

நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை கடைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கு வகுப்போம். பொருளுக்குப் பெயரைக் கொடுமின். விலைக்கு நாளைக் கொடுமின். அழித்தெழுதும் கணக்கு எத்துணை விரைவினதாயினும், நம்புதற்குரியதன்று.