பில்லைக் கொண்டு வா என்றால் நர்ஸ் எங்கே போவார்?



ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் வார்டுப் பக்கமே வரவில்லை. வந்து பார்த்ததாக எழுதிவைக்கச் சொல்கிறார்கள். அந்த எழுத்தை வைத்து அரசு காப்பீட்டுப் பணம் வசூலாகிறது. எந்த டாக்டர், எந்த வார்டு, எந்தக் கிழமை... நர்சுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: கணக்குப் பிரிவு அரசுக்கு அனுப்பிய பில்லின் எண்ணும் தொகையும்.

அமெரிக்காவில் இந்த நர்ஸ் வழக்குப் போட்டால் நிற்குமா? எந்த ஊர் கோர்ட் என்பதைப் பொறுத்தது! வேடிக்கை இல்லை, நிலைமை அதுதான்.

அங்கே 'ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட்' என்று ஒரு சட்டம். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்த கான்ட்ராக்டர்கள் அரசை ஏமாற்றியதால், 1863-ல் லிங்கன் காலத்தில் வந்தது. மோசடியை அறிந்த தனிமனிதரே அரசின் சார்பில் வழக்குப் போடலாம். ஏமாற்றியவர் இழப்பைப் போல 3 மடங்கு கட்ட வேண்டும். அரசு வழக்கைக் கையில் எடுத்தால், மீட்ட பணத்தில் 15 முதல் 25 சதவீதம் அந்த மனிதருக்கு. அரசு ஒதுங்கி, அவரே நடத்தி ஜெயித்தால் 25 முதல் 30.

நல்ல சட்டம்தானே? சிக்கல் வாசலிலேயே இருக்கிறது. சிவில் நடைமுறை விதி 9(பி) என்ன சொல்கிறது? மோசடி என்று குற்றம் சாட்டினால் யார், என்ன, எப்போது, எங்கே, எப்படி என்று மனுவிலேயே விவரமாகச் சொல்ல வேண்டும். இது நியாயம்தான். போகிறபோக்கில் யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் எவ்வளவு விவரம்? அலபாமா, ஜார்ஜியா, புளோரிடாவுக்கான 11-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2002-ல் ஒரு பரிசோதனைக்கூடத்தின் மீதான வழக்கைத் தள்ளியது. ஏமாற்றுத் திட்டத்தை மட்டும் விவரித்தால் போதாது, பொய்யான பில் உண்மையிலேயே அரசுக்குப் போனதா, அதன் தேதி என்ன, தொகை என்ன என்று கேட்டது. பில் போடும் வேலையை நேரில் அறிந்தவருக்கு மட்டும் பிற்பாடு கொஞ்சம் இளக்கம் காட்டியது.

பக்கத்து மாநிலம் மிசிசிப்பி. அது டெக்சாஸ், லூசியானாவோடு 5-வது வட்டாரத்தில் வருகிறது. அந்த நீதிமன்றம் 2009-ல் வேறு வழி சொன்னது: மோசடி நடந்த விதத்தை விவரமாகச் சொல், பில் போயிருக்கும் என்று நம்பத் தகுந்த அடையாளம் காட்டு, போதும். பில்லின் நகல் கட்டாயமில்லை.

ஒரே சட்டம், ஒரே விதி. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் ஒரு நீதியா? இதைத் தீர்த்துவையுங்கள் என்று போனவர்களின் மனுவை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. "கதவைத் திறந்துவிட்டால், பரிசுப் பணத்துக்காகக் கண்டவனும் வழக்குப் போடுவான். ஆதாரம் கிடைக்குமா என்று எங்கள் கணக்கைக் கிளறுவான்" என்கிறார்கள். ஒதுக்க முடியாத வாதம்தான். ஆனால் 5-வது வட்டாரமும் வெறும் சந்தேகத்தை ஏற்கவில்லையே! விவரம் இல்லாத மனு அங்கேயும் விழும். பில் யார் கையில் இருக்கிறது? குற்றம் சாட்டப்பட்டவர் கையில். மனு நின்றால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். பில் இருந்தால்தான் மனு நிற்கும் என்றால், பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டு "திற" என்று சொல்கிற கதைதான். பெரிய பதவியில் இருப்பவர் தப்பிப்பார், நர்சும் கிளார்க்கும் வாசலோடு திரும்புவார்கள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். இதே சட்டத்தின் கீழ்தான் நம் ஊர் ரான்பாக்ஸி சிக்கியது. முன்னாள் அதிகாரி தினேஷ் தாக்கூர் வெளியே சொன்னார். 2013-ல் அமெரிக்காவில் கம்பெனி 50 கோடி டாலர் கட்டியது. அவருடைய பங்கு மட்டும் 4.8 கோடி டாலருக்கு மேல்.

கள்ளக்கணக்கில் போவது மக்கள் வரிப்பணம். கண்ணால் பார்த்ததைச் சொல்ல வந்தவரிடம், அவர் கைக்கு எட்டாத காகிதத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே விடுங்கள். பொய் சொன்னால் விசாரணையில் தெரிந்துவிடும்.

படித்தவர்கள் பகிருங்கள், உங்கள் கருத்தைக் கீழே சொல்லுங்கள்.

#மக்கள்பணம் #உண்மைக்குக்கதவுதிற