வெயிலில் நமக்கும் பங்கு வேண்டும்

ரேஷன் கார்டுக்கும் குடியிருப்புக்கும் போராடவே நேரம் போதவில்லை. சூரிய சக்தி ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடு என்று நம் சங்கம் ஏன் குரல் எழுப்ப வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2014-ல் தில்லியை மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று அறிவித்தார்கள். ஸ்டவ் போயிற்று; எரிபொருள் செலவு போகவில்லை. முகவரிச் சான்று காட்ட முடியாத குடும்பங்கள் இன்றும் சின்ன சிலிண்டரில் கிலோக் கணக்கில் எரிவாயு நிரப்பி வாங்குகின்றன. கையில் காசில்லாத வாரம் பலகைத் துண்டுதான் எரிகிறது. புகை குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. அடுப்பில் எது எரிகிறது என்பது நமக்குக் கூலிப் பிரச்சினை.

இந்தர்புரியிலும் கரோல்பாகிலும் இருக்கும் நம்மவர்கள் தினமும் கடந்து போகிற பூசா பகுதியில் இந்தப் பிரச்சினைக்கு நெடுநாளாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் சோதனையை 1939-லேயே அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ்.வி. தேசாய் தொடங்கினார். பின்னாளில் கதர் கிராமத் தொழில் கமிஷன் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோயிற்று. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் அதே எரிவாயுவைச் சுத்தம் செய்து உருளையில் அடைத்து மோட்டார் வண்டியே ஓட்டிக் காட்டினார்கள்.

அதே பூசாவில் இருக்கிறது தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். அதன் முதல் டைரக்டர் கே.எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்புக்காரர். ராமனோடு ஆராய்ச்சி செய்தவர். வாசலில் ஓடும் சாலைக்கே அவர் பெயர்தான். 1950-களில் இந்த ஆய்வுக்கூடம் ஒரு சூரிய அடுப்பு செய்தது. பளபளப்பான அலுமினியத் தட்டு வெயிலைத் திரட்டிப் பாத்திரத்தின் அடியில் குவிக்கும். உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் வாங்க ஆளில்லை.

ஏன்? வெயில் நகர நகரத் தட்டைத் திருப்ப வேண்டும். வெளியில் நின்று சமைக்க வேண்டும். உச்சிவேளையில் சமைக்க வேண்டும். நம் பெண்கள் விடியுமுன் உலை வைத்துவிட்டு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். திரும்பிவந்து மறுபடி அடுப்பு மூட்டும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த அடுப்பு அவர்களுக்கு எதற்கு? கணக்கில் பிழை இல்லை. எப்போது சமைப்பாய், எங்கே சமைப்பாய் என்று சமைக்கிறவளிடம் கேட்காததுதான் பிழை.

இதைச் சாக்காக வைத்து ஆராய்ச்சியே வீண் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. 2020-21 கணக்குப்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 பைசாதான் எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவானது. அதிலும் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு ஆறு பைசாவுக்கும் குறைவு. தென்கொரியா நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. 2023-ல் சட்டம் போட்டு அமைத்த தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வருமாம். முதலாளி கொடுக்கும் பணம் முதலாளிக்கு வேண்டிய கேள்வியைத்தான் கேட்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் குடும்பம் அவனுக்குச் சந்தை அல்ல. அந்தக் குடும்பத்துக்கான கேள்வியைக் கேட்கப் பொதுப்பணம் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும்.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளும் உழைப்பாளிகள்தான். நெட் தேர்ச்சி பெறாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். அதையும் நிறுத்த யு.ஜி.சி. 2015 அக்டோபரில் முடிவெடுத்தபோது, அவர்கள் ஐ.டி.ஓ. பக்கம் யு.ஜி.சி. வாசலில் போய் உட்கார்ந்தார்கள். உதவித்தொகை தொடரும் என்று அரசு சொல்ல நேர்ந்தது. 2019 ஜனவரியில் மறுபடி தெருவுக்கு வந்தபின்தான் இளநிலை ஆய்வாளரின் தொகை 25,000-லிருந்து 31,000 ஆயிற்று. பல மாதம் பணம் வராமல் கடன் வாங்கிச் சாப்பிடும் ஆய்வாளரும், கங்காணியிடம் கூலி பாக்கிக்கு நிற்கும் நம் கட்டடத் தொழிலாளியும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

2022-ல் இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆராய்ச்சி மையம் 'சூர்யா நூதன்' என்ற அடுப்பைக் காட்டியது. கூரைத் தகட்டிலிருந்து கம்பி வழியாகச் சக்தி வரும், சேமித்து இரவிலும் வீட்டுக்குள்ளேயே சமைக்கலாம். பழைய அடுப்பின் குறை தீர்ந்தது, மறுப்பதற்கில்லை. விலை 12,000 முதல் 23,000 வரை. 2024 பிப்ரவரியில் வந்த 'சூர்ய கர்' திட்டத்தில் மூன்று கிலோவாட் தகட்டுக்கு 78,000 வரை மானியம். இரண்டுக்கும் சொந்தக் கூரை வேண்டும். வாடகைக்காரனுக்கு ஏது கூரை? எந்தக் காலையில் புல்டோசர் வருமோ என்றிருப்பவன் தகரத்தின்மேல் எதைப் பொருத்துவான்? 2025 ஜூன் 1-ந் தேதி ஜங்புரா மதராசி கேம்ப்பில் கூரைகளே போயின.

கூரை இல்லாதவனுக்கு வெயிலின் சக்தியைக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இனி ஆராய வேண்டும். சுமந்துகொண்டு குடிபெயரக்கூடிய தகடு, பத்து வீட்டுக்குப் பொதுவான மின்கலம், மதியம் சூடேற்றி இரவு ஏழு மணிக்குச் சோறு வடிக்கும் அடுப்பு. ஐ.ஐ.டி.யும் ஜாமியாவும் தில்லிப் பல்கலைக்கழகமும் இவற்றை நம் பஸ்திகளில் வைத்தே சோதிக்கட்டும். சோதனையில் பங்கெடுக்கும் பெண்களுக்கு நாள்கூலி கொடுக்கட்டும். முடிவுகளை இந்தியிலும் தமிழிலும் அச்சிடட்டும். ஆய்வாளருக்கு மாதம் பிறந்ததும் பணம் வரட்டும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். மகளிர் பிரிவுத் தோழியர் தங்கள் தெருவில் எத்தனை வீட்டில் எத்தனை மணிக்கு அடுப்பு எரிகிறது, மாதம் எரிபொருளுக்கு என்ன செலவு என்று அதற்குள் எழுதிக் கொண்டுவர வேண்டும். மனுவோடு அந்தக் கணக்கையும் இணைப்போம்.