"போதும்"னு சொன்ன துறவிகள்

டிமாண்ட் எகிறும்போது உற்பத்தியைக் கூட்ட மறுத்த ஒரு பிசினஸ் இருக்கு, தெரியுமா?

பிரான்ஸில் கிரெனோபிள் நகருக்குப் பக்கத்து மலைகளில் வாழும் கார்த்தூசியன் துறவிகள் 'ஷார்த்ரூஸ்' என்ற மூலிகை மதுவைத் தயாரிக்கிறார்கள். 130 மூலிகைகள், 1605-ல் கிடைத்த சுவடி, ரகசியம் தெரிந்தவர்கள் வெகு சில துறவிகள்தான். காக்டெயில் மோகத்தால் உலகமே கேட்டது. ஆனா 2019-ல் அவங்க எடுத்த முடிவு, இதுக்கு மேல தயாரிப்பைக் கூட்டுறதில்லை. பிரார்த்தனைக்கும் தனிமைக்கும் நேரம் வேணும்னாங்க. (குடிக்கச் சொல்லலப்பா, கணக்கை மட்டும் பாருங்க!)

"அவங்களுக்கு இ.எம்.ஐ.யா, வாடகையா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். மாசக் கடைசியில் கையைக் கடிக்கிறவங்ககிட்ட "போதும்"னு உபதேசம் பண்றது தப்பு. முதல்ல கடனை அடைங்க, ஆறு மாசச் செலவைச் சேருங்க.

அதுக்கப்புறம்? துறவிகள் பணத்தை வேண்டாம்னு சொல்லலை. மடம் நடக்க எவ்வளவு வேணுமோ அதை விக்கிறாங்க. பணம் எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணாங்க, அவ்வளவுதான். நாம எண்ணே வைக்காம ஓடுறோம். ஞாயித்துக்கிழமையையும் வித்துடுறோம்.

அடுத்த வீக்எண்ட் வேலைக்கு "சரி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, உங்க "போதும்" எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கமென்ட்லயும் சொல்லுங்க.